கோயிலுக்கும் போகலாம், டாக்டரிடமும் போகலாம்: டெல்டாவில் வேலை பார்க்கும் இளையவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால் வீட்டில் முதலில் சொல்வது, "ஒரு நடை கோயிலுக்குப் போயிட்டு வா" என்பதுதான். எனக்கும் சொன்னார்கள். அப்போது எனக்கு 26 வயது. பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்து வீட்டு மாடியில் உட்கார்ந்து, சென்னையில் இருந்த ஒரு நிறுவனத்துக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு லேப்டாப்பைத் திறந்தால் மூட விடிகாலை மூன்று ஆகும், சில நாள் நான்கு.

ஒரு திங்கட்கிழமை அம்மா என்னைச் சந்திரன் கோயில் இருக்கும் திங்களூருக்கு அழைத்துப்போனார். மனசுக்கு அதிபதி சந்திரன் என்பது நம்பிக்கை. அர்ச்சனை முடிந்து பிரகாரம் சுற்றும்போது என் ஒரு கையில் பிரசாதம், இன்னொரு கையில் போன். மேனேஜருக்குப் பதில் தட்டிக்கொண்டே சுற்றினேன். அம்மா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், "இங்க கூட விடமாட்டாங்களாடா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

அதற்கு மூன்று மாதம் கழித்து, நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற என் அத்தைதான் என்னை மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனார். எனக்குச் சாமி நம்பிக்கை உண்டு, மாத்திரையும் சாப்பிட்டேன். ஒன்றை ஒன்று தடுக்கவில்லை. சாமியிடம் கேட்க வேண்டியதை மேனேஜரிடமும், மேனேஜரிடம் கேட்க வேண்டியதைச் சாமியிடமும், டாக்டரிடம் சொல்ல வேண்டியதை யாரிடமும் சொல்லாமலும் இருந்ததுதான் என்னைக் கெடுத்தது. இந்த வழிகாட்டியில் நான் சொல்ல நினைப்பது அதைத்தான். கும்பகோணத்தில் ஜவுளிக்கடையில் நிற்பவர், தஞ்சாவூரில் தனியார் மருத்துவமனை நர்ஸ், திருவாரூர் பக்கம் குழுக்கடன் வசூலிப்பவர், நாகூரில் வங்கி வேலைக்குப் போகிறவர் என்று என் வயதுக்காரர்கள் பலரோடு பேசியதும் இதில் சேர்ந்திருக்கிறது.

முதல் படி: ஒரு வாரக் கணக்கு

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு வாரம் எழுதுங்கள். 40 பக்க நோட்டு போதும். போனில் எழுத வேண்டாம், போனைத் திறந்தால் அலுவலகம் வந்துவிடும். தினமும் படுக்கும் முன் நான்கு விஷயங்கள். வேலை எத்தனை மணிக்குத் தொடங்கி உண்மையாகவே எத்தனை மணிக்கு முடிந்தது. எத்தனை மணி நேரம் தூங்கினேன். வேலை முடிந்த பிறகு எத்தனை தடவை அலுவலக வாட்ஸ்அப்பைப் பார்த்தேன். இன்றைக்கு மனசு கொஞ்சம் லேசாக இருந்த நேரம் எது. நான்காவதை விட்டுவிடாதீர்கள். ஏழு நாளும் அந்த இடம் காலியாக இருந்தால், மற்ற மூன்றையும் விட அதுதான் உங்களைப் பற்றி அதிகம் சொல்கிறது.

வசூல் வேலைக்காரர்கள் வண்டியில் அலையும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஞாயிறு ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸில் சீட்டுக் கிடைக்காமல் உட்கார்ந்தே சென்னை போய், திங்கள் காலை நேராக வேலைக்குப் போகிறவர்கள் அந்த ராத்திரியைத் தூக்கக் கணக்கில் எழுதக்கூடாது.

பிறகு கூட்டிப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் ஓர் ஆய்வு வெளியிட்டன. வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதம் கூடுதல், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் கூடுதல் என்று அது கண்டது. நான் வாரம் 50 மணி நேரம் வேலை பார்ப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதிக் கூட்டியபோது 67 வந்தது.

இரண்டாம் படி: மூன்று குவியலாகப் பிரியுங்கள்

நோட்டில் இருக்கும் தொல்லைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பிரித்துப் போடுங்கள். அலுவலகம் சரிசெய்ய வேண்டியவை ஒரு குவியல். மருத்துவர் பார்க்க வேண்டியவை ஒரு குவியல். வழிபாடு, அமைதி, கூட வரும் மனிதர்கள் இவற்றால் ஆறக்கூடியவை மூன்றாவது. இந்தப் படியைத் தாண்டிக்கொண்டு நேராகத் தியானத்துக்குப் போகிறவர்கள்தான் ஆறு மாதம் கழித்து, "எனக்கு எதுவுமே வேலை செய்யல" என்கிறார்கள்.

இரண்டு பேர் வேலையை ஒருவர் செய்வது, வாராந்திர விடுமுறை அன்றும் கூப்பிடுவது, எட்டாத டார்கெட், எல்லார் முன்னாலும் திட்டும் மேலாளர், பத்து மணி நேரம் நின்றே இருப்பது. இவை முதல் குவியல். எத்தனை பிரதோஷம் போனாலும் இவை குறையாது. 'பர்ன் அவுட்' என்கிறோமே, அந்தப் பணிச்சோர்வை 2019-இல் உலக சுகாதார நிறுவனம் விளக்கியபோது அதை ஒரு நோய் என்று சொல்லவில்லை. வேலை இடத்து அழுத்தம் நீண்ட நாள் சரிசெய்யப்படாமல் போவதால் வருவது என்றுதான் சொன்னது. அதற்குக் கொடுத்த அடையாளங்கள் மூன்று: சக்தியெல்லாம் வற்றிப்போனது போன்ற களைப்பு, வேலை மேலேயே ஒரு வெறுப்பு அல்லது விலகல், முன்பு செய்த அளவுக்கு இப்போது முடியவில்லை என்ற நிலை. வேலை இடத்தில் பிறந்த ஒன்றை வேலை இடத்தில்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேலாக, கிட்டத்தட்ட தினமும் மனசு இருண்டே இருப்பது, பிடித்தது எதுவும் பிடிக்காமல் போவது, தூக்கமோ பசியோ தலைகீழாக மாறுவது, "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற எண்ணம் ஓயாமல் வருவது, காரணமில்லாமல் நெஞ்சு படபடத்து மூச்சு முட்டுவது. இவை இரண்டாம் குவியல். செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் ஒரு தடவை வந்திருந்தாலும் அதுவும் இதில்தான். அப்படி வந்திருந்தால் நடுவில் உள்ள படிகளைப் படிக்க வேண்டாம், ஏழாம் படிக்கு இப்போதே போங்கள்.

மூன்றாவதில் இருப்பவை வேறு மாதிரி. கூடப் படித்தவன் வெளிநாட்டில் இருக்கிறான், நான் இங்கேயே இருக்கிறேனே என்ற குறுகுறுப்பு. தாத்தா இறந்தபோது லீவு கிடைக்காமல் பதினாறாம் நாளுக்குத்தான் வந்தேன் என்ற குற்ற உணர்வு. சம்பளத் தேதியைத் தவிர எதிர்பார்க்க ஒன்றும் இல்லாத வெறுமை. இவற்றை எந்த ஹெச்.ஆராலும் தீர்க்க முடியாது. ஆன்மிகம் இறங்கி வேலை செய்ய வேண்டிய இடம் இதுதான்.

இந்தப் பிரிவினையைக் குழப்பும் ஒரு வரியை நம்மூர் அலுவலகங்களில் அடிக்கடி கேட்பீர்கள்: 'என் கடன் பணி செய்து கிடப்பதே.' சுவரில் மாட்டியிருப்பார்கள், கூடுதல் வேலை கொடுக்கும்போதும் சொல்வார்கள். அப்பர், காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கடம்பூரில் பாடிய தேவாரம் அது. அதற்கு முந்தைய வரியை யாரும் சுவரில் மாட்டுவதில்லை: 'தன் கடன் அடியேனையும் தாங்குதல்.' என்னைத் தாங்குவது அவன் கடமை, அதற்குப் பிறகுதான் பணி செய்வது என் கடமை. தாங்குகிறவன் ஒருவன் இருக்கிறான் என்ற நிம்மதியில் வந்த வரியை, தாங்க யாருமே இல்லாத இடத்தில் எடுத்துச் சொல்வது நியாயமில்லை. அப்பர் சொன்ன பணியும் கையில் உழவாரப்படை எடுத்துக் கோயில் பிரகாரத்தில் புல் செதுக்கிய பணி. எனக்கு இது புரிந்த நாளில் அழுதேன். இரண்டு வருஷமாக அந்த ஒரு வரியை வைத்து என்னை நானே அடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் படி: வேலை நாளை மூடுவதற்கு ஒரு வாசல்

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் வழியில் திருவிடைமருதூர். அங்கே மகாலிங்க சுவாமி கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும், நுழைந்த வாசலில் திரும்பி வரக்கூடாது என்பார்கள். வரகுண பாண்டியனைப் பிரம்மஹத்தி, அதாவது பிராமணனைக் கொன்ற பாவம், துரத்திக்கொண்டு வந்தது. அவன் கிழக்கு வாசலில் நுழைந்ததும் அது வாசலிலேயே நின்றுவிட்டது. திரும்பி வருவான், பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தது. அவன் மேற்கு வாசல் வழியாகப் போய்விட்டான்.

வேலை நாளுக்கும் இப்படி இன்னொரு வாசல் வேண்டும். அலுவலகம் போய்வருகிறவர்களுக்கு ஓரளவு இயல்பாக இருக்கிறது, பஸ் ஏறி இறங்குவதே ஒரு வாசல். 2020-க்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொடங்கியவர்களுக்கு அது போய்விட்டது. படுக்கும் கட்டிலிலேயே மீட்டிங் நடக்கிறது.

நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில், நாளைக்கு என்ன வேலை என்று மூன்று வரி தாளில் எழுதுகிறேன். எழுதிவிட்டால் மனசு அதைப் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. பிறகு லேப்டாப்பை அணைத்து, பையில் போட்டு, ஜிப்பை மூடி அலமாரியில் வைக்கிறேன். மேசை மேலேயே மூடி வைத்தால் போதாது, கண்ணில் படக்கூடாது. அப்புறம் கை கால் முகம் கழுவி, அல்லது குளித்து, உடை மாற்றுகிறேன். வீட்டை விட்டுப் பத்து நிமிஷம் வெளியே போகிறேன். போகும்போது தெருவில் ஒரு வழி, வரும்போது இன்னொரு வழி. திரும்பி வந்தால் விளக்கேற்றுவதோ சாப்பாடோ, எதுவானாலும் சரி, அலுவலக வாட்ஸ்அப் மட்டும் கிடையாது. அந்தக் குழுக்களின் சத்தத்தை அணைத்துவிடுங்கள். உண்மையான அவசரம் என்றால் போன் செய்யச் சொல்லுங்கள். அவசரம் என்று நினைத்த பலவற்றுக்கு யாரும் போன் செய்ய மாட்டார்கள் என்பதை முதல் வாரத்திலேயே பார்ப்பீர்கள்.

இரவு ஷிஃப்ட்காரர்களுக்கு இது விடிகாலையில் நடக்கும். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்தால்தான் பக்தி என்று தூக்கத்தை வெட்டாதீர்கள். மூன்று மணிக்கு வேலை முடித்தவர் மார்கழி என்பதற்காக நான்கரை மணிக்குத் திருப்பள்ளியெழுச்சிக்குப் போய் நிற்க வேண்டியதில்லை. ஏழு மணி நேரம் தூங்கிவிட்டு சாயரட்சைக்குப் போகலாம்.

நான்காம் படி: ஒரே ஒரு பழக்கம்

இப்போதுதான் ஆன்மிகத்துக்கு வருகிறோம். ஒன்றை மட்டும் எடுங்கள். யோகா, விரதம், ஜபம், தியான ஆப், சனிக்கிழமை நவக்கிரக டூர் என்று எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் தொடங்கினால், அதுவும் இன்னொரு டார்கெட் ஆகிவிடும்.

அந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரிந்த நல்ல அளவுகோல், அதன் நேரத்தை நீங்களும் மாற்ற முடியாது, அலுவலகமும் மாற்ற முடியாது என்று இருக்க வேண்டும். நாகூர் நண்பர் சொன்னதிலிருந்து கற்றுக்கொண்டது இது. "மஃரிப் பாங்கு கேட்டா எழுந்துடுவேன். நான் எழுந்திருக்கறதை யாரும் கேள்வி கேட்டதில்ல, பாங்குதானே கூப்பிடுது." பிரதோஷமும் அப்படித்தான். மாதம் இரண்டு முறை, திரயோதசி அன்று, மாலை நான்கரையிலிருந்து ஆறு. ஞாயிற்றுக்கிழமைப் பூசையும் அப்படித்தான். 'நேரம் கிடைக்கும்போது தியானம்' என்று வைத்துக்கொண்டவர்களுக்கு அந்த நேரம் கிடைத்து நான் பார்த்ததில்லை.

தஞ்சாவூரில் இருப்பவர்களுக்குப் பெரிய கோயில் பிரதோஷத்தைச் சொல்வேன். நந்திக்கு அபிஷேகம் நடக்கும்போது கூட்டம் நெருக்கும். அது முடிந்ததும் வீட்டுக்கு ஓடாமல் புல்தரையில் அரைமணி நேரம் உட்காருங்கள். 1010-இல் ராஜராஜன் கட்டி முடித்த கோபுரத்தின் மேல் வெளிச்சம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருங்கள். படம் எடுக்க வேண்டாம். ஆயிரம் வருஷமாக நிற்கும் ஒன்றின் பக்கத்தில் உட்காரும்போது நாளைக் காலை டெட்லைன் அதன் அளவுக்குச் சுருங்குகிறது. கும்பகோணம், திருவையாறு, மயிலாடுதுறைக்காரர்களுக்குப் படித்துறை இருக்கிறது. ஜூனில் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்த பிறகு சாயங்காலம் கடைசிப் படியில் காலை நனைத்து உட்கார்ந்து பாருங்கள். ஆறு மணல் வெளியாகக் கிடக்கும் மாதங்களிலும் உட்காரலாம், எனக்கு அந்த மாதங்களும் பிடிக்கும்.

தனியாக உட்கார முடியாதவர்கள் உழவாரப்பணிக் குழுவில் சேருங்கள். டெல்டாவில் பல ஊர்களில் இளையவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கவனிப்பில்லாத சின்னக் கோயில்களில் செடி கொடி வெட்டி, பிரகாரம் கூட்டி, விளக்கு தேய்க்கிறார்கள். வாரம் முழுக்கத் திரையில் வேலை பார்த்த கைக்கு, செய்து முடித்தது கண்ணெதிரே தெரியும் ஒரு வேலை மருந்து மாதிரி. ஒரே பிரகாரத்தைக் கூட்டுகிற நான்கு பேருக்குள் பேச்சும் தானாக வரும். என் மோசமான வருஷத்தில் நான் வேலையைப் பற்றி முதன்முதலில் வாய்விட்டுப் பேசியது ஒரு பாழடைந்த கோயில் மதிலோரம், கையில் மண்வெட்டியோடு.

கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் இந்தப் படியை விட்டுவிட வேண்டாம். பெரியார் பேச்சைக் கேட்டு வளர்ந்த வீடுகள் இந்த டெல்டாவில் நிறைய. நடை, நூலகம், பாட்டு, பிள்ளைகளுக்கு இரவுப் பாடம் சொல்லிக்கொடுப்பது, ரத்ததானக் குழு எதுவும் சரி. நேரம் நிலையாக இருக்க வேண்டும், பக்கத்தில் மனிதர்கள் இருக்க வேண்டும், அதிலிருந்து சம்பளமோ லைக்கோ வரக்கூடாது.

இதோடு எல்லோரும் செய்யக்கூடிய ஒரு மூச்சுப் பயிற்சி. நான்கு எண்ணி மூக்கு வழியாக மூச்சை இழுங்கள், ஆறு எண்ணி மெல்ல விடுங்கள், ஐந்து நிமிடம். விடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு மெதுவாகிறது, உடம்பு அமைதி நிலைக்குத் திரும்புகிறது. பதற்றமான மீட்டிங்குக்கு முன் கழிவறையில் நின்றுகூடச் செய்யலாம். ஒரு எச்சரிக்கை: மனசு ரொம்ப மோசமாக இருக்கும் நாட்களில் பல நாள் மௌன முகாம்களுக்குப் போகாதீர்கள். சிலருக்கு நீண்ட தியானம் பதற்றத்தையும் பழைய காயங்களையும் கிளறிவிடும்.

எப்போது தொடங்குவது? "இந்த புராஜெக்ட் முடியட்டும்" என்று எல்லோரும் சொல்கிறோம். நம் வயல்களில் சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே, நிற்கும் பயிருக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். அறுத்து முடித்துத்தான் தெளிப்பேன் என்றால் ஈரம் போய்விடும். அந்த மாதிரி புராஜெக்ட் ஓடும்போதே தொடங்கிவிடுங்கள்.

நடுவில் விட்டுப்போகும். எனக்கு முதல் மாதத்திலேயே ஒன்பது நாள் போயிற்று. ஐப்பசி முழுக்க மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில் நீராடி, கடைசி நாளில் கடைமுழுக்கு நடக்கும். அது முடிந்த பிறகு வந்து சேர்ந்த முடவர் ஒருவருக்காகக் கார்த்திகை முதல் நாளும் அதே பலன் உண்டு என்று வைத்தார்கள். இன்றும் அன்றைக்கு முடவன் முழுக்கு நடக்கிறது. விட்ட நாளை எண்ணாமல் அடுத்த நாள் போங்கள்.

ஐந்தாம் படி: மேலதிகாரியிடம் பேசுவது

"ரொம்ப ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு சார்" என்று மட்டும் சொன்னால், "எல்லாருக்கும்தான்" என்று பதில் வரும். கையில் கணக்கோடு போங்கள். நான் அனுப்பியது ஏறக்குறைய இப்படி: "சார், கடந்த நான்கு வாரமாக சராசரியாக வாரம் 63 மணி நேரம் வேலை செய்திருக்கிறேன். விவரம் இணைத்திருக்கிறேன். என்னிடம் இப்போது மூன்று வேலைகள் உள்ளன. எதை முதலில் முடிக்க வேண்டும், எதைத் தள்ளி வைக்கலாம் என்று சொல்லுங்கள். வேலை நேரத்துக்குப் பிறகு அவசரம் என்றால் போன் செய்யுங்கள். மெசேஜ்களை மறுநாள் பார்க்கிறேன்." முடியாது என்று எங்கேயும் சொல்லவில்லை, எது முதலில் என்று கேட்டேன். பதில் எழுத்தில் வந்தது, அதுவே பாதி பாரத்தை இறக்கியது.

ஜவுளிக்கடை, நகைக்கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இப்படி மெயில் அனுப்பும் வசதி இல்லை. அவர்கள் சட்டத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் சாதாரண வேலை நேரத்தை நாளுக்கு 8, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வைக்கிறது, வாரம் ஒரு நாள் விடுமுறை தரச் சொல்கிறது. 2021-இல் அதைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்றும் கொண்டுவந்தார்கள். தனியாகக் கேட்டால் பயம் இருக்கும். இரண்டு மூன்று பேராகப் போய்க் கேளுங்கள், முடியாவிட்டால் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். கேட்டால் மாறும் என்பதற்குச் சமீபத்திய சாட்சி உண்டு. தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்து 2023 ஏப்ரலில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை, எதிர்ப்பு எழுந்ததும் அரசு சில நாட்களிலேயே கைவிட்டது.

லீவு விஷயத்தில் ஒன்று. உங்கள் ஊர்த் தேர், கந்தூரி, வேளாங்கண்ணிக் கொடியேற்றம், குலதெய்வப் படையல், எது உங்களுக்கு முக்கியமோ அதை ஜனவரியிலேயே காலண்டரில் குறித்து எழுத்தில் கேட்டுவிடுங்கள். முதல் நாள் ராத்திரி கெஞ்சி வாங்கிய லீவில் மனசு ஓய்வெடுக்காது. வேலையை விட்டுவிடலாமா என்ற முடிவை மட்டும் ஆக மோசமான வாரத்தில் எடுக்காதீர்கள். தூங்கி எழுந்த ஒரு காலையில், மூன்று மாதச் செலவுக்குக் கையில் இருக்கிறதா, இ.எம்.ஐ. எவ்வளவு என்று பார்த்துவிட்டு எடுங்கள். அடிப்பது, பாலியல் தொல்லை போன்றவை நடக்கும் இடமாக இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், வெளியே வந்துவிடுங்கள்.

ஆறாம் படி: வீட்டில் சொல்வது

நம் வீடுகளில் 'டிப்ரெஷன்' என்றால் ஒன்று பயந்துவிடுவார்கள், இல்லை "உனக்கு என்னடா குறை?" என்பார்கள். வயலில் வெயிலில் நின்ற அப்பாவுக்கு, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து சம்பாதிக்கும் பிள்ளையின் களைப்பு புரியாதது அவர் குற்றமில்லை. பெயர்களை விட்டுவிட்டு உடம்பில் நடப்பதைச் சொல்லுங்கள். "அம்மா, இருபது நாளா ராத்திரி மூணு மணி வரைக்கும் தூக்கம் வரல. சோறு இறங்கல. நெஞ்சு படபடன்னு இருக்கு. டாக்டரைப் பார்க்கணும், நீ கூட வா." கூட வா என்று கூப்பிடுவது முக்கியம். பரிகாரத்துக்குக் கூப்பிட்டால் சண்டை போடாதீர்கள், ஒன்றுக்குப் போய்வாருங்கள். கடன் வாங்கிப் பெரிய ஹோமம் செய்யலாம் என்றால் மட்டும் உறுதியாக வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஏழாம் படி: மருத்துவரிடம் போவது

தஞ்சாவூர், திருச்சி, திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையில் ஓ.பி. சீட்டு வாங்கி, "மனநலப் பிரிவு" என்று கேட்டால் காட்டுவார்கள். முதல் படியில் எழுதிய நோட்டை எடுத்துப்போங்கள். அங்கே பேச வராது, நோட்டைக் கொடுத்துவிடலாம். ரத்த அளவு, தைராய்டு பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். ரத்தசோகையும் தைராய்டும்கூட மனச்சோர்வு மாதிரியே ஆளைப் படுக்கப் போடும், குறிப்பாகப் பெண்களுக்கு.

அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் எனக்கு நிறைய இருந்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரம் ரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது. மருத்துவக் காப்பீட்டில் மனநோய்க்கும் உடல்நோய் போலவே இடம் தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

மாத்திரை கொடுத்தால், மனச்சோர்வுக்கான மாத்திரைகளின் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூடும். முதல் வாரம் குமட்டலோ தூக்க மாற்றமோ இருக்கலாம். இந்த மாத்திரைகளில் பெரும்பாலானவை போதைப் பழக்கம் ஏற்படுத்துவதில்லை. ஆனாலும் நீங்களாக நிறுத்தக்கூடாது. சபரிமலைக்கு மாலை போட்டதும், நோன்பு தொடங்கியதும் மாத்திரையை நிறுத்திவிட்டுத் திரும்ப விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். விரதம் இருக்க வேண்டும் என்றால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள், வேளையை மாற்றித் தரலாமா என்று அவர் பார்ப்பார். மனநிலை ஏற்ற இறக்கத்துக்குத் தரும் லித்தியம் என்ற மருந்தைச் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தண்ணீரில்லா விரதம் இருக்கவே கூடாது, உடம்பில் நீர் குறைந்தால் அந்த மருந்தின் அளவு ரத்தத்தில் ஆபத்தாக ஏறும்.

மனசு சரியில்லாதவர்களைத் திருச்சி பக்கத்துக் குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்கவைப்பது, தர்காவில் தங்கவைப்பது நம் பக்கம் பழைய வழக்கம். பிரார்த்தனைக்குக் கூட்டிப் போங்கள், ஆனால் சிகிச்சையும் கூடவே நடக்கட்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்கா பக்கத்து மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்ததை மறக்கக்கூடாது. மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை இன்று சட்டம் தடை செய்கிறது.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் 14416-க்கு அழையுங்கள். 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது, 24 மணி நேரமும், இலவசம், தமிழில் பேசலாம். சொன்னால் போலீஸ் வரும் என்று பயப்பட வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, தண்டிக்கக் கூடாது என்கிறது அந்த 2017 சட்டம். நண்பர் யாராவது அப்படிப் பேசினால், "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வந்துவிடாது, சொல்ல ஒரு வழி கிடைக்கும். அவரைத் தனியாக விடாதீர்கள். நம் வீடுகளில் திண்ணையிலோ கொல்லையிலோ பூச்சிமருந்து இருக்கும். அன்றைக்கே அதை எடுத்து வேறு வீட்டில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு ராத்திரியைத் தாண்டிவிட்டால் பிழைத்துக்கொள்கிறவர்கள் ஏராளம்.

இரண்டு மாதம் கழித்து

அதே நோட்டில் இன்னொரு வாரம் எழுதுங்கள், அதே நான்கு விஷயங்கள். பழைய பக்கத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேலை நேரம் குறையவில்லை என்றால் ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள். நேரம் குறைந்தும் தூக்கம் வரவில்லை என்றால் ஏழாம் படி. இரண்டும் சரியாகி, நான்காவது வரி மட்டும் காலியாக இருந்தால் எடுத்த பழக்கத்தை மாற்றிப் பாருங்கள், அல்லது அடுத்த தடவை யாரையாவது கூடக் கூட்டிக்கொண்டு போங்கள். என் இரண்டாவது கணக்கில் வாரம் 51 மணி நேரம் வந்தது. நான்காவது வரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, 'அம்மாவோடு திங்களூர், போன் வீட்டில்' என்று எழுதியிருக்கிறேன்.